வெட்டின சொல்லும் கொத்துச் சத்தமும்

எந்த மைக் நல்லது, ஃபைலை எங்கை சேமிக்கிறது, உதெல்லாம் நீங்கள் ஏழு பேரும் என்னைவிட வடிவாச் செய்வியள். வோபர்னிலை உங்கடை புது ஸ்டூடியோவுக்குள்ளை கால் வைச்ச உடனையே எனக்கு அது விளங்கிட்டுது. அரைவாசிச் சாமானின்ரை பேரே எனக்குத் தெரியாது. அதைப் பற்றிக் கதைக்க நான் வரேல்லை. வெட்டக்கூடாத ஒரு சொல்லை நான் வெட்டின கதையைச் சொல்ல வந்தனான். அந்த வெட்டாலை ஒரு வயசு போன மனிசன், ஒக்சிசன் இல்லாமல் மூச்சுவிட ஏலாத தன்ரை மனிசியைக் காரிலை ஏத்திக்கொண்டு பனிக்குள்ளை வெளிக்கிட்டவர். அவையை மறிச்சுத் திருப்ப எங்களுக்குக் கிடைச்சது மூண்டே மூண்டு நிமிசம்.

இண்டைக்கும் அதைச் சொல்லத் தொடங்கினால் எனக்குக் கதிரையிலை இருக்க ஏலாது. பயத்திலை மட்டும் எண்டு நினைக்காதேங்கோ. முப்பது வருசம் இந்த வேலை செய்தனான், அண்டைக்கு இருந்த மாதிரி உசாரா நான் ஒருநாளும் இருக்கேல்லை. அதை மறைச்சால் கதை பொய்யாப்போகும், ஏனெண்டால் பிழை வந்ததும் ஒரு உசாராலைதான்.

நான் தொழில் பழகினது இஞ்சை ரொறன்ரோவிலை, ஒரு தமிழ் வானொலியிலை. அங்கை எங்களுக்கு மேலை ஒருத்தர் இருந்தவர். பேர் வேண்டாம். காலமை வந்து மேசையிலை தேத்தண்ணியை வைச்சுப்போட்டு, "ஒருக்கால் சொன்னால் காணும், கேக்கிறவனைப் பேயனாக்காதேங்கோ" எண்டு சொல்லித்தான் கதிரையிலை இருப்பார். மரண அறிவித்தலிலை ஒரு பேர் ரெண்டு தரம் வந்தால் ஒண்டைத் தூக்கிப்போடுவார். அரசியல்வாதி வந்து "நிச்சயமாக, நிச்சயமாக" எண்டு சொன்னால் ஒரு நிச்சயம் குப்பைக்குள்ளை போகும். அவரிட்டைப் பழகின கை என்ரை கை. ரெண்டு தரம் ஒரு சொல்லைக் கேட்டால் தன்பாட்டிலை கத்திரிக்கோலைத் தேடும்.

அந்த வானொலி மூடினாப்பிறகு வெக்ஸ்போர்ட்டிலை ஒரு பிளாசாவின்ரை மாடியிலை சின்ன அறை எடுத்தன். கீழை கொத்துரொட்டிக் கடை. எடிட்டர் தேவை எண்டு இணையத்திலை ஒரு விளம்பரம் பாத்து எழுதினன். மறுமொழி ஏரிக்கு அங்காலை, அமெரிக்காவிலை இருந்து வந்துது. டேல் எண்டு ஒருத்தர், அவரின்ரை மனிசி ரூத். தங்கடை கார் கராஜுக்குள்ளை இருந்து கிழமைக்கு ஒரு நிகழ்ச்சி ஒலிப்பதிவு செய்து இணையத்திலை போடுறவை. தங்களைப் பேட்ரியட், தேசப்பற்றாளர், எண்டு சொல்லுற ஆக்கள். ஆபத்து வந்தால் அரசாங்கம் வந்து காப்பாத்தும் எண்டு காவல் இருக்காமல் நீங்களே ஆயத்தமா இருங்கோ எண்டதுதான் நிகழ்ச்சியின்ரை அடி நுனி எல்லாம்.

எங்கடை சொந்தக்காரர் என்னை விட்டவையோ. "உவங்கள் துவக்கும் கொடியுமாத் திரியிற விசரங்களெல்லே, உனக்கு ஏன் உந்தக் கரைச்சல்" எண்டவை. துவக்குக் கதையும் இருந்தது, விசர்க்கதையும் இருந்தது, நான் இல்லை எண்டு சொல்லமாட்டன். ஆனால் அனேகமான கிழமை அவை கதைச்சது அரிசியைப் பூச்சி பிடியாமல் எப்பிடி வைக்கிறது, கரண்ட் இல்லாமல் தண்ணியை எப்பிடிச் சேமிக்கிறது எண்டுதான். போத்தல் விளக்கிலை படிச்சு வந்த எனக்கு அதிலை ஒரு புதினமும் இல்லை. எனக்குப் புதினமா இருந்தது அந்த ஆக்களின்ரை ஆசைதான். ஒரு கராஜுக்குள்ளை ரெண்டு மைக்கை வைச்சுக்கொண்டு, ஒரு கொம்பனியும் இல்லாமல், ஊர் ஊரா இருக்கிற சனத்தை ஒரு நூலிலை கட்டி வைச்சிருந்தவை. எங்கடை வானொலியை நாங்கள் தொடங்கேக்கையும் அப்பிடித்தான் இருந்தது.

முதல் நாள் டேலோடை போனிலை கதைச்சுக்கொண்டிருக்கேக்கை கீழை கொத்து அடிக்கத் தொடங்கிட்டினம். அந்தாள் திடீரெண்டு குரலைப் பதிச்சு, "உங்களுக்கு மேலை ஹெலிகொப்டர் நிக்குது, யன்னலை விட்டுத் தள்ளி நில்லுங்கோ" எண்டார். எனக்குச் சிரிப்பு அடக்க ஏலேல்லை. ரொட்டியைத் தட்டிலை போட்டு ரெண்டு தகட்டாலை கொத்துற சத்தம் எண்டு விளங்கப்படுத்தினன். அடுத்த கிழமை நிகழ்ச்சியிலை, "எங்கடை எடிட்டர் ரொறன்ரோவிலை ஒரு ஹெலிகொப்டருக்கு மேலை குடியிருக்கிறா" எண்டு பகிடி விட்டார். பேந்து அந்தச் சத்தத்தை நானே ஒருக்கால் ஒலிப்பதிவு செய்து அனுப்ப, அதையும் போட்டார். நேயர்கள் நிகழ்ச்சியின்ரை போனுக்குக் குரல் செய்தி விடுற வழக்கம். அதிலை ஒரு கிழவர் நெடுகலும், "ஹெலிகொப்டர் சுகமோ" எண்டு கேட்டுத்தான் தொடங்குவார். அவர்தான் வால்ட்டர். காது கொஞ்சம் மந்தம். மனிசியின்ரை பேர் ஐரின். அவவுக்கு நெஞ்சு வருத்தம், வீட்டிலை கரண்டிலை ஓடுற ஒக்சிசன் மெசினோடைதான் சீவியம். இவ்வளவும் அவற்றை குரல் செய்தியளிலை இருந்துதான் எனக்குத் தெரியும்.

எல்லாம் நல்லாத்தான் போச்சுது எண்டும் நினைக்காதேங்கோ. ஒருக்கால் நிகழ்ச்சிக்கு வந்த விருந்தாளி ஒருத்தர், எல்லை தாண்டி வாற ஆக்களைப் பற்றி வாய்க்கு வந்தபடி கதைச்சிருந்தார். நான் டேலுக்குப் போன் எடுத்து, "நானும் எல்லை தாண்டி வந்த ஆள்தான். உவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் தெளிவாக் கேக்கிற மாதிரி எடிட் பண்ணித் தாறன். போடுறதோ இல்லையோ எண்டு நீங்கள் முடிவெடுங்கோ" எண்டன். அந்தாள் அரைவாசியை வெட்டச் சொன்னார், மிச்சத்தை அப்பிடியே விட்டார். அது காணாது எண்டுதான் நான் இண்டைக்கும் நினைக்கிறன். ஆனால் அதுக்குப் பிறகு என்னோடை கதைக்கேக்கை அந்தாளின்ரை குரலிலை ஒரு கவனம் இருந்தது.

சரி, இனி அந்த நாளுக்கு வாறன். ரெண்டு பனிக்காலத்துக்கு முதல்.

அவைக்கு மாசத்துக்கு ஒருக்கால் ஒத்திகை இருக்கும். உண்மையா ஒரு அழிவு வந்தால் எப்பிடி அறிவிப்பினமோ அப்பிடியே டேல் ஒரு அறிவித்தல் வாசிப்பார். நேயர்கள் அதைக் கேட்டு, சாமான் எல்லாம் இருக்கோ, கார் ரெடியோ எண்டு சரிபாப்பினம். அந்த அறிவித்தலின்ரை தலையிலையும் வாலிலையும் மூண்டு மூண்டு தரம் ஒரு சொல்லுச் சொல்லவேணும் எண்டது அவையின்ரை கண்டிப்பு. "எக்ஸசைஸ், எக்ஸசைஸ், எக்ஸசைஸ்." இது ஒத்திகை எண்டு அர்த்தம்.

எங்களுக்கு எக்ஸசைஸ் எண்டால் என்ன? டொக்டர் சுகர் கூடிப்போச்சு எண்டு சொல்லிப்போட்டு, "அன்ரி, எக்ஸசைஸ் செய்யுங்கோ" எண்டு சொல்லுறது. எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் மோலுக்குள்ளை வெள்ளைச் சப்பாத்தோடை கையை வீசி நடக்கிற எங்கடை சனம்தான் கண்ணுக்குள்ளை வரும். டேல் பயங்கரமா ஒரு அறிவித்தல் வாசிக்க, முன்னுக்கும் பின்னுக்கும் ஆறு தரம் எக்ஸசைஸ் எண்டு கேக்க எனக்குப் பகிடியா இருக்கும். ஆனால் அதுவரைக்கும் கை வைக்கேல்லை.

அந்த மாசம் டேல் வாசிச்ச விதம் இருக்கே, அது வேறை. அமெரிக்காவின்ரை வட கிழக்கு முழுக்க மின்சாரம் விழுந்துபோச்சு, கிழமைக் கணக்கிலை வராது, ஆபத்துக்கெண்டு ஒதுக்கி வைச்ச உங்கடை ரெண்டாவது இடத்துக்கு இப்பவே வெளிக்கிடுங்கோ, போனை நிப்பாட்டுங்கோ எண்டு, ஒரு நடுக்கமும் இல்லாத குரலிலை. இடையிலை, "இனி என்ரை குரலிலை திரும்பி வாங்கோ எண்டு கேட்டாலும் நம்பாதேங்கோ, இப்ப மெசின் எந்தக் குரலிலையும் கதைக்கும்" எண்டும் போட்டிருந்தார். இதை எடிட் பண்ணிறதெண்டால் ஒரு வேலைதான் எண்டு கதிரையை இழுத்துப் போட்டன்.

தலையிலை இருந்த மூண்டு எக்ஸசைஸிலை ரெண்டை வெட்டினன். மிச்சம் இருந்த ஒண்டைத் தொடக்க இசைக்குக் கீழை மெல்லமா வைச்சன். வாலிலை இருந்த மூண்டையும் தூக்கினன். "இப்பவே வெளிக்கிடுங்கோ" எண்ட சொல்லோடை எல்லாம் அறுந்து, நாலு செக்கன் வெறும் அமைதி. அதைப் போட்டுக் கேட்டுப்போட்டு நான் கதிரையிலை இருந்து எழும்பி அறைக்குள்ளை ரெண்டு சுத்து நடந்தன், அவ்வளவு சந்தோசம். டேலுக்கு அனுப்ப, "படம் பாத்த மாதிரி இருக்கு" எண்டு எழுதினார். ரூத் அண்டைக்குப் பல்லு டொக்டரிட்டைப் போயிருந்தா. அவ கேட்டிருந்தால் அந்த இடத்திலையே பிடிச்சிருப்பா. அண்டைக்குக் காலமையே, வியாழக்கிழமை, நிகழ்ச்சி போச்சுது.

மத்தியானம் ஒண்டரை மணி இருக்கும். குரல் செய்தியளைத் தரம் பிரிக்கிறதும் என்ரை வேலைதான். ஒவ்வொண்டாக் கேட்டுக்கொண்டு வாறன், "சூப்பர் ஒத்திகை" எண்டு ரெண்டு மூண்டு பேர். பிறகு வால்ட்டர். ஹெலிகொப்டர் சுகமோ எண்டு கேக்கேல்லை.

"டேல், காலமை இஞ்சை கரண்ட் ரெண்டு தரம் விட்டு வந்தது, பேந்துதான் உங்கடை அறிவித்தல் கேட்டன். சொன்னபடி ஐரினை ஏத்திக்கொண்டு ரெண்டாவது இடத்துக்கு வெளிக்கிடுறம். சின்ன சிலிண்டர் இருக்கு, பின்னேரம் ஐஞ்சு மட்டும் காணும். போனை நிப்பாட்டப்போறன். கடவுள் உங்களைக் காக்கட்டும்."

நான் அந்த ஃபைலைத் திரும்பப் போட்டுக் கேட்டன். பன்ரண்டுக்குக் கொஞ்சம் முன்னம் விட்ட செய்தி. ஊரிலை சண்டை நேரம் எங்களுக்கு ஒருக்கால் ஒலிபெருக்கி கட்டின வாகனம் வந்து வெளிக்கிடுங்கோ எண்டு சொல்லிப்போட்டுப் போனது. பானையிலை சோறு கொதிக்கக் கொதிக்க விட்டிட்டு நடந்தனாங்கள். ஒரு குரல் போ எண்டு சொன்னால் கால் என்ன செய்யும் எண்டு மற்ற எடிட்டர்மாருக்குத் தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரியும். தெரிஞ்சு கொண்டுதான் அந்த நாலு செக்கன் அமைதியை வைச்சனான்.

டேலுக்குப் போன் எடுத்தன். சொன்னன்.

"முதல்லை அந்த நிகழ்ச்சியை அழியுங்கோ" எண்டார். "இப்பவே அழியுங்கோ. வேறை ஆரும் கேக்க முதல்."

பிள்ளையள், இதிலை வடிவா நில்லுங்கோ. பிழை விட்ட நேரம் எல்லாருக்கும் கை முதல்லை போறது அழிக்கிற பொத்தானுக்குத்தான். எனக்கும் போச்சுது. சுட்டி அதுக்கு மேலை நிக்குது. அப்பதான் யோசிச்சன். வால்ட்டர் போகிற வழியிலை எங்கையாவது நிண்டு, ஒருக்காப் பாப்பம் எண்டு போனைத் திறந்து எங்கடை பக்கத்துக்கு வந்தால் என்ன காணுவார்? நிகழ்ச்சியைக் காணேல்லை எண்டால் அந்த மனிசன் என்ன நினைப்பார்?

"டேல், அழிச்சால் எங்களை ஆரோ நிப்பாட்டிப்போட்டினம் எண்டு அவர் நினைப்பார். பிறகு ஒருத்தராலையும் அவரைத் திருப்ப ஏலாது" எண்டன்.

"ஓம்" எண்டார். "நான் எண்டாலும் அப்பிடித்தான் நினைப்பன்."

அழிக்கேல்லை. அதே இடத்திலை, அதே தலைப்புக்கு மேலை, இது ஒத்திகை, ஒத்திகை எண்ட சொல்லை வெட்டினது எடிட்டர், பிழை எங்கடை எண்டு எழுதிப்போட்டன். ஆறு எக்ஸசைஸும் பழையபடி கேக்கிற ஃபைலையும் ஏத்தினன். அதுக்கு ஆறு நிமிசம் போச்சுது. ஆனால் வால்ட்டரின்ரை போன் நிண்டபடி. டேல் அந்தப் பக்கத்துப் பொலிசுக்கு எடுத்துச் சொன்னார். ரோட்டெல்லாம் ஐஸ், விபத்துக்கு மேலை விபத்து, ஆளை அனுப்பப் பாக்கிறம் எண்டவை. அதைச் சொல்லிப்போட்டு டேல் மெல்லமா ஒண்டு சொன்னார். "பொலிஸ் லைற்றைக் கண்டால் வால்ட்டர் காட்டு ரோட்டாலை இறங்கிடுவார். அப்பிடிச் செய்யுங்கோ எண்டு நான்தான் போன வருசம் சொல்லிக் குடுத்தனான்." அந்தக் குரலிலை அந்தாளை நான் அதுக்கு முன்னம் கேட்டதில்லை.

அந்த நேரம் ரூத் வந்திட்டா. அரைவாசி வாய் மரத்துப்போய் இருக்கு, ஆனால் மூளை நல்ல கூர். எங்களை ஒரு சொல்லும் ஏசேல்லை. நேர ஃபைல் அலுமாரிக்குப் போய், வால்ட்டர் எழுதிக் குடுத்த திட்டத்தை எடுத்தா. ரெண்டாவது இடம் மலைக்குள்ளை ஒரு மரக் கொட்டில். கரண்ட் இல்லை, பெரிய சிலிண்டரும் இல்லை. போற ரோட்டும் எழுதியிருந்தது. டேல் வீட்டிலை இருந்து அங்கை போக ஐஸுக்குள்ளை மூண்டு மணித்தியாலம். ஐஞ்சு மணிக்கு முதல் போய்ச் சேர ஏலாது.

"மூண்டு மணிக்கு அவர் வோக்கி ரோக்கியைத் திறப்பார்" எண்டா ரூத்.

அவையிட்டை ஒரு வழக்கம் இருக்கு. போன் வேலை செய்யாத காலத்திலை கையிலை இருக்கிற வோக்கி ரோக்கியை மூண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால், மூண்டாம் சனலிலை, மூண்டு நிமிசம் மட்டும் திறக்கிறது. பற்றரி மிஞ்சும், எல்லாரும் ஒரே நேரத்திலை காதை வைச்சிருப்பினம். பன்ரண்டு, மூண்டு, ஆறு. ஆறு மணிக்குச் சிலிண்டர் முடிஞ்சிருக்கும். அப்ப மூண்டு மணிதான். ஆனால் அந்தச் சாமான் ஒண்டு ரெண்டு மைலுக்கு மேலை எட்டாது. ரூத் நேயர் பட்டியலை எடுத்து அந்தப் பக்கத்து ஆக்களுக்கு ஒவ்வொருத்தராப் போன் அடிச்சா. ஐஞ்சாவது ஆள், பனி வழிக்கிற லொறி ஓட்டுற ஒரு மனிசி. அந்த நேரம் அதே ரோட்டிலைதான் வழிச்சுக்கொண்டு நிண்டவ. "லைனிலை நில்லுங்கோ, நான் என்ரை போனை வோக்கி ரோக்கிக்குக் கிட்டப் பிடிக்கிறன்" எண்டா.

டேல் தொண்டையைச் செருமிக்கொண்டு தான் கதைக்க ஆயத்தமானார். அப்ப மூண்டு பேருக்கும் ஒரே நேரத்திலை ஞாபகம் வந்துது. என்ரை குரலிலை கேட்டாலும் நம்பாதேங்கோ. ரூத்தின்ரை குரலும் நிகழ்ச்சியிலை கன தரம் வந்தது, அதையும் மெசின் செய்யும் எண்டுதான் அந்தாள் நினைப்பார். ஒரு குரலும் எங்களிட்டை மிஞ்சேல்லை.

கடிகாரத்திலை ரெண்டு நாப்பது. நான் மேசையிலை தலையை வைச்சுக்கொண்டு இருக்கிறன். கீழை ஆரோ ஒரு கொத்துக்கு ஓடர் குடுத்திட்டினம். தட தட தட எண்டு தொடங்கிச்சுது.

"ஹெலிகொப்டர்" எண்டு கத்தினன். டேல் அங்கை பயந்துபோனார். "என்ரை குரலை ஒருத்தரும் மெசினிலை செய்யமாட்டினம், டேல். என்னை ஆருக்குத் தெரியும்? ஹெலிகொப்டரைத்தான் தெரியும்."

படியாலை எப்பிடி இறங்கினன் எண்டு எனக்கே தெரியாது. கடைக்குச் சொந்தக்காரன் சிவா, நாப்பது வயசு மனிசன், கொத்துறது எப்பவும் அவன்தான். அந்த ஓடரை முடிச்சுப் பெட்டியிலை போட்டுக்கொண்டு நிண்டான்.

"சிவா, மூண்டு மணிக்கு நீ கொத்தவேணும்."

"என்ன கொத்து அக்கா?"

"என்ன கொத்தெண்டாலும் சரி. எனக்குச் சத்தம்தான் வேணும். மூண்டு நிமிசம் நிப்பாட்டாமல்."

"உங்களுக்கு என்ன, விசர் பிடிச்சிட்டுதோ?"

"ஒரு மனிசியின்ரை உயிர் விசயம். பிறகு சொல்லுறன்."

அவன் அதுக்குமேலை ஒரு கேள்வியும் கேக்கேல்லை. நான் வெறும் தட்டிலை அடிச்சால் காணும் எண்டன். "வெறுந்தட்டிலை அடிச்சால் சத்தம் பிழைக்கும் அக்கா, ரொட்டி போட்டால்தான் அது கொத்து" எண்டு சொல்லி மாவை எடுத்தான். எனக்கு அந்த அந்தரத்துக்குள்ளையும் அவனைக் கட்டிப்பிடிக்கவேணும் போலை இருந்தது. சத்தத்தைத் தெரிஞ்ச மனிசன்.

மூண்டு மணி. ரூத் என்ரை போனை லொறிக்காரியின்ரை போனோடை சேர்த்துவிட்டா. "திறந்திட்டன், கதையுங்கோ" எண்டா லொறிக்காரி. சிவா கொத்தத் தொடங்கினான். கிட்ட நிண்டால் என்ரை குரல் அமுங்கிப்போகும், தள்ளி நிண்டால் கொத்துக் கேக்காது. முப்பது வருசம் விரலாலை செய்த வேலையை அண்டைக்குக் காலாலை செய்தன். ஒரு அடி முன்னுக்கு, அரை அடி பின்னுக்கு.

"எக்ஸசைஸ். எக்ஸசைஸ். எக்ஸசைஸ். வால்ட்டர், நான் ரொறன்ரோவிலை இருக்கிற எடிட்டர். காலமை நீங்கள் கேட்டது ஒத்திகை. அந்தச் சொல்லை வெட்டினது நான். கரண்ட் இருக்கு. ஐரினை வீட்டை கூட்டிக்கொண்டு போங்கோ. எக்ஸசைஸ். எக்ஸசைஸ். எக்ஸசைஸ்."

ஒண்டும் இல்லை. கரகரப்பு மட்டும். திரும்பச் சொன்னன். லொறி மெல்லமா முன்னுக்கு ஊருறது கேட்டுது. ஒரு நிமிசம் போட்டுது. திரும்பச் சொன்னன். கடைக்குள்ளை சாப்பிட்டுக்கொண்டிருந்த ரெண்டு பேர் கையைக் கழுவாமல் எழும்பி வந்து நிக்கினம். ரெண்டு நிமிசம்.

"அக்கா, இனி அடிச்சால் மாவாப்போகும்" எண்டான் சிவா.

"இன்னொரு ரொட்டியைப் போட்டு அடி."

போட்டான். நான் நாலாம் தரம் சொல்லத் தொடங்கினன். அப்ப கரகரப்புக்குள்ளாலை ஒரு குரல்.

"உது உண்மையான ஹெலிகொப்டரோ?"

நான் போனைத் தட்டுக்கு மேலையே பிடிச்சன். சிவா வெளுத்து வாங்கினான். திரும்பக் காதிலை வைக்க, வால்ட்டர் கேட்டார், "இண்டைக்கு என்ன சமைக்கிறியள்?"

"கோழிக் கொத்து" எண்டன்.

"கோழி முடிஞ்சுது அக்கா, உது முட்டை மட்டும்" எண்டான் சிவா.

"பொறுங்கோ வால்ட்டர், பிழை சொல்லிப்போட்டன். முட்டைக் கொத்து."

கடிகாரத்தின்ரை செக்கன் முள்ளு மேலை ஏறுறதைப் பாத்துக்கொண்டு நிக்கிறன். முள்ளு பன்ரண்டைத் தாண்டினால் மூண்டு நிமிசமும் முடியும், அந்தாள் நிப்பாட்டிடுவார். பத்துச் செக்கன் இருக்கேக்கை குரல் வந்துது. "ரோட்டோரம் பனிக்குள்ளை சில்லு புதைஞ்சுபோச்சு. சிவப்புப் பாலத்துக்குக் கிட்ட நிக்கிறம்."

"எனக்குத் தெரியும் அந்தப் பாலம்" எண்டு லொறிக்காரி கத்தினா. பேந்து இஞ்சினின்ரை சத்தம்தான் கேட்டுது. அவ காரை இழுத்து ரோட்டிலை விட்டு, முன்னாலை பனியை வழிச்சு வழிச்சு அவையை வீடுவரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தவ. நாலரைக்கு ஐரின் மெசினோடை இருந்தா. ரூத் போனிலை அதைச் சொல்லேக்கை நான் கடைக்குள்ளை ஒரு கதிரையிலை இருந்து அழுதன். அந்த ரெண்டு சாப்பாட்டுக்காரரும் என்ன ஏதெண்டு தெரியாமலே தண்ணி தந்தவை. சிவா அந்த முட்டைக் கொத்தை எங்கள் எல்லாருக்கும் பிரிச்சுப் போட்டான். தூளாத்தான் இருந்தது. அப்பிடி ருசியா நான் பேந்து கொத்துச் சாப்பிட்டதில்லை.

ரூத் அடுத்த நாள் போன் எடுத்தா. நான் மன்னிப்புக் கேக்க வாய் திறக்க முதல், "உங்களுக்கு அந்த மூண்டு தரத்தின்ரை காரணத்தை ஒருத்தரும் சொல்லேல்லை, அது எங்கடை பிழை" எண்டா. "முதலாவது காதைத் திருப்பும். ரெண்டாவது கேக்கும். மூண்டாவதைத்தான் சனம் நம்பும்." எங்கடை வானொலி மனிசன் பழக்கின பழக்கமும் பிழையில்லை, பிள்ளையள். அது கதிரையிலை ஆறுதலா இருந்து கேக்கிற ஆளுக்குச் சரி. காருக்குள்ளை, பயத்துக்குள்ளை, மந்தமான காதோடை கேக்கிற ஆள் வேறை. வெட்ட முதல், இதைக் கேக்கிற ஆள் எங்கை நிண்டு கேக்கிறார் எண்டு ஒருக்கால் யோசியுங்கோ. உங்களுக்கு ஒரு வெட்டு நல்லா வந்திட்டுது எண்டு கதிரையை விட்டு எழும்பி நடக்கவேணும் போலை இருந்தால், அந்த ஃபைலை அண்டைக்கு அனுப்பாதேங்கோ. ரூத் பல்லு டொக்டரிட்டை இருந்து வருமட்டும் பொறுங்கோ.

டேலும் மாறினார், கொஞ்சம். பொலிசைக் கண்டால் ஒளியுங்கோ எண்டு சொன்ன பழைய நிகழ்ச்சிக்கு மேலை, ஒரு உயிர் போகப் பாத்தது எண்டு தன்ரை குரலிலையே ஒரு முன்னுரை பேசி வைச்சார். மற்ற விசயங்களிலை நான் ஓய்வெடுக்குமட்டும் நாங்கள் கொழுவிக்கொண்டுதான் இருந்தனாங்கள்.

அடுத்த கிழமை வால்ட்டரின்ரை குரல் செய்தி வந்துது. ஹெலிகொப்டர் சுகமோ எண்டுதான் தொடங்கினார். தன்னைத் திருப்பினது கொத்துச் சத்தம் இல்லையாம். அதையும் ஆரும் களவெடுத்துப் போடலாம் எண்டு யோசிச்சவராம். "நீங்கள் கோழி எண்டு சொல்லிப்போட்டு, பொறுங்கோ பிழை எண்டு திருத்தினியள் பாருங்கோ. ஏமாத்த வாறவன் தன்னைத் திருத்தமாட்டான். அதுக்குப் பிறகுதான் காலமை நடந்ததும் பிழை எண்டு நீங்கள் சொன்னதை நம்பினன்."

செய்தி நீளம். டேல், நிகழ்ச்சிக்கு ஏத்த மாதிரி சுருக்கித் தாங்கோ எண்டு எழுதியிருந்தார். கடைசியிலை வால்ட்டர் ஐரினைப் பற்றிச் சொல்லுறார். பின்னாலை அவவின்ரை மெசின் சீராச் சத்தம் போடுது. "அவ இஞ்சை இருக்கிறா" எண்டார். மூச்சு எடுத்தார். "அவ இஞ்சை இருக்கிறா." பேந்து ஒருக்கால். பேந்து இன்னும் ஒருக்கால்.

நாலு தரம். அவையின்ரை மூண்டு தரச் சட்டப்படி பாத்தாலும் ஒண்டு அதிகம். என்ரை கை திரையிலை இருக்கிற கத்திரிக்கோலுக்குப் போச்சுது, பழக்கம். கையை எடுத்து மடியிலை வைச்சுக்கொண்டு, நாலையும் அப்பிடியே விட்டன்.